மாமியாரோடு ஜப்பான் வெந்நீர் ஊற்றுக்குப் போகலாமா?

கேள்வி: மார்ச்சில் குடும்பத்தோடு ஜப்பான் போகிறோம். கியோட்டோவில் தங்கி, கினோசாகி என்ற பழைய வெந்நீர் ஊற்று ஊரை ஒரே நாளில் பார்த்துவிட்டு வரலாமா? என் மாமியாருக்கு மும்பைக்குப் பக்கத்தில் இருக்கும் வஜ்ரேஷ்வரி, கணேஷ்புரி வெந்நீர்க் குண்டங்கள் என்றால் உயிர். ஆனால் ஜப்பானில் துணியில்லாமல்தான் இறங்க வேண்டுமாமே? நாங்கள் சைவம் வேறு.
- ஒரு வாசகி, செம்பூர், மும்பை

பதில்: தாராளமாகப் போகலாம், ஆனால் ஒரு ராத்திரியாவது தங்குங்கள். விரைவு ரயிலிலேயே போக இரண்டரை மணி நேரம் ஆகும், அதோடு அந்த ஊர் களைகட்டுவதே சாயங்காலத்துக்கு மேல்தான். ஊர் முழுக்க ஒரே விடுதி என்பார்கள் அங்கே: ரயில் நிலையம் வாசல், தெருக்கள் தாழ்வாரம், விடுதிகள் அறைகள், ஏழு பொதுக் குளியல் கூடங்கள் குளியலறை. யுகாட்டா என்கிற பருத்தி அங்கியைச் சுற்றிக்கொண்டு, மரச்செருப்பு டக் டக்கென்று சத்தம் போட, வில்லோ மரங்கள் நிற்கும் ஆற்றங்கரையில் ஒரு கூடத்திலிருந்து இன்னொன்றுக்கு எல்லாரும் நடந்து போவார்கள். தங்குகிறவர்களுக்கு இந்தக் கூடங்களுக்கான அனுமதிச் சீட்டை விடுதியே கொடுத்துவிடும். 1925 நிலநடுக்கத்தில் எரிந்துபோன ஊர் இது. அதற்கப்புறமும் மர வீடுகளாகவே திரும்பக் கட்டியிருக்கிறார்கள், அதற்காகவே பார்க்கலாம்.

துணி விஷயம் நீங்கள் கேள்விப்பட்டபடிதான். சேலை, நீச்சல் உடை எதுவும் கூடாது. ஆனால் பெண்களுக்குத் தனிப் பகுதி, படம் எடுக்கவும் விடமாட்டார்கள். முதலில் குட்டி முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக் குளித்து, நுரை போக அலசிவிட்டு, தலைமுடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டுதான் தொட்டியில் இறங்க வேண்டும். கையில் இருக்கும் சின்னத் துண்டு தண்ணீரில் படக்கூடாது. இதையெல்லாம் மாமியாரிடம் செம்பூரிலேயே சொல்லிவிடுங்கள், அங்கே போய் வாசல் திரைக்கு முன்னால் நிறுத்திச் சொன்னால் அவருக்குத் தர்மசங்கடமாகிவிடும். அவருக்கு மனம் வரவில்லையென்றால் வற்புறுத்த வேண்டாம், குடும்பத்துக்கென்று கதவைப் பூட்டிக்கொள்ளும் தனித் தொட்டி உள்ள விடுதியாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். ரத்த அழுத்தம் இருந்தால் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள், தண்ணீர் நல்ல சூடு.

சாப்பாடுதான் கொஞ்சம் சிரமம். நவம்பரிலிருந்து மார்ச் வரை அங்கே நண்டுக் காலம், விடுதிக் கட்டணமும் ஏறும், விருந்து முழுக்க நண்டு. டிக்கெட் இன்னும் போடவில்லையென்றால் ஏப்ரலுக்குத் தள்ளுங்கள், ஆற்றோரம் செர்ரி பூத்திருக்கும். எப்போது போனாலும் பதிவு செய்யும்போதே, சூப்பில்கூட மீன் வேண்டாம் என்று எழுதிக் கேளுங்கள், ஏனென்றால் வெறும் காய்கறிக் குழம்புக்கும் மாசிக் கருவாடு மாதிரி உலர்த்திய மீனைக் கொதிக்கவிட்ட நீர்தான் அடிப்படை. முடியாது என்று சொன்னால் சாப்பாடு இல்லாத அறையை எடுத்துக்கொண்டு, கியோட்டோவிலிருந்தே ஏதாவது கட்டிக்கொண்டு போங்கள்.

அப்புறம், யுகாட்டா கட்டும்போது இடப்பக்க மடிப்பு மேலே வரட்டும். வலது மேலே வருவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை.