சுரங்கக் கூரை இடிவது ஏன்?

கேள்வி (சேலம் வாசகர்): நிலக்கரிச் சுரங்கத்தின் கூரை பல கோடி ஆண்டுகள் பழைமையான கெட்டிப் பாறைதானே? அதில் இயற்கையாகவே உள்ள விரிசல்களால்தான் கூரை திடீரென இடிகிறது என்கிறார்களே, உண்மையா?

பதில்: பெரும்பாலும் உண்மைதான். ஆய்வுக்கூடத்தில் கையகலத் துண்டை நசுக்கிப் பார்த்து அறியும் வலிமை வேறு, குறுக்கும் நெடுக்குமாக விரிசலோடிய கூரைப்பாறையின் வலிமை வேறு. தன்பாதிலுள்ள மத்தியச் சுரங்க ஆய்வு நிலையம் இந்தியச் சுரங்கக் கூரைகளைத் தரம்பிரிக்க வகுத்த முறையில், நூற்றில் 15 மதிப்பெண் மட்டுமே பாறையின் வலிமைக்கு உரியது. விரிசல், பிளவு போன்ற அமைப்புகளுக்கு 25, பாறை அடுக்கின் தடிமனுக்கு 30.

கூரைப் பாறையில் எதிரெதிராகச் சாய்ந்த இரு விரிசல்கள் மேலே சந்தித்தால், அவற்றுக்கு இடைப்பட்ட பாறை ஆப்பு வடிவில் தனித்துப் பிரிந்து, வெறும் உராய்வின் பலத்தில் நிற்கும். கீழே பாதை வெட்டப்பட்டதும் அதற்கு அடித்தாங்கல் போய்விடும். விரிசலில் நீர் கசிந்தாலோ அருகில் வெடி வைத்தாலோ அந்த உராய்வும் குறையும். மெல்லிய அடுக்குகள் தொய்ந்து இறங்கும்போது கிடைக்கும் அவகாசம், ஆப்பு நழுவும்போது பெரும்பாலும் கிடைப்பதில்லை. எனவேதான் கூரையில் துளையிட்டு இறுக்கும் போல்ட்டுகள், விரிசலைக் குறுக்காகக் கடந்து அப்பாலுள்ள உறுதியான பாறையைப் பற்றும்படி அமைய வேண்டும். விரிசலுக்கு இணையாகச் செல்லும் போல்ட்டால் பயன் மிகக் குறைவு.

நிலக்கரிக்குள்ளும் 'கிளீட்' எனப்படும் நுண்பிளவுகள், ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் செங்குத்தான இரு திசைகளில் ஓடுகின்றன. முதன்மைப் பிளவுக்கு இணையாகப் பாதை அமைந்தால், கூரையைத் தாங்க வெட்டாமல் விடப்படும் நிலக்கரித் தூண்களின் பக்கங்கள் பலகை பலகையாக உரிந்து, தூணே மெலியும். ஆகவே பாதையின் திசையைத் தீர்மானிக்குமுன் பிளவுகளின் திசையை அளப்பது அவசியம். வெட்டிய பின்னர் திசையை மாற்ற இயலாதல்லவா?

திறந்தவெளிச் சுரங்கங்களும் இதற்கு விலக்கல்ல. 2016 டிசம்பர் 29 அன்று ஜார்க்கண்டின் ராஜ்மகல் சுரங்கத்தில், நிலக்கரிக்கு மேலிருந்து அகற்றிக் குவித்த மண்மேடு சரிந்து 23 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். மறைந்திருந்த பிளவை ஒட்டித் தளமே நழுவியிருக்கலாம் என்பது நிர்வாகம் முதலில் அளித்த விளக்கம். ஆனால் மறைந்திருந்தது என்பதோடு பொறுப்பு முடிந்துவிடாது. அத்தகைய பிளவுகளைத் துளையிட்டுத் தேடி வரைபடத்தில் குறிப்பது, மேட்டைக் குவிக்கும் முன்பே முடிந்திருக்க வேண்டிய பணி.