வாசகர் கேள்வி பதில்: ஏறாத கதவும் இறங்காத கதவும்

இம்மாதம் கார் கராஜ் ரோலர் கதவுக்காரர்தான் அதிகம் எழுதியிருக்கிறார்கள். மாரி தொடங்கிவிட்டது, வேறென்ன.

கேள்வி: வீடு பருத்தித்துறையில், கடலுக்குக் கிட்ட. மழை தொடங்கியதிலிருந்து பட்டனை அமத்தினால் மோட்டர் உறுமுகிறது, கதவு அரைவாசி ஏறி நின்றுவிடுகிறது. பார்க்க வந்தவர் புது மோட்டர் போடச் சொல்கிறார். போடவா?

பதில்: பொறுங்கள் அக்கா, காசை எடுக்க முதல் பிழை மோட்டரிலா கதவிலா என்று பார்ப்போம். கதவை முழுதாக இறக்கிவிட்டு, கரண்டை நிற்பாட்டி, மோட்டரில் தொங்குகிற கயிற்றை இழுத்தால் கதவு மோட்டரில் இருந்து விடுபடும். கதவு மேலே நிற்கும்போது மட்டும் இந்தக் கயிற்றைத் தொட வேண்டாம், ஸ்பிரிங் போயிருந்தால் கதவு அப்படியே தலையில் வந்து இறங்கும். இனிக் கையால் தூக்குங்கள். லேசாக ஏறி, இடுப்பளவில் விட்டதும் அங்கேயே நின்றால் கதவில் குறையில்லை, மோட்டர்காரர் சொன்னதை யோசிக்கலாம். பாரமாக இருந்தாலோ, விட்டதும் கீழே ஓடினாலோ ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. ஓரிடத்தில் கரகரவென்று இறுகினால் கதவு ஓடுகிற இரண்டு பக்கச் சட்டங்களையும் பாருங்கள்.

என்னைக் கேட்டால் உங்களுடையது சட்டம்தான். உப்புக் காற்றில் கறள் பிடித்து, அதில் மணலும் ஒட்டி, மழை ஈரத்தோடு எல்லாம் இறுகியிருக்கும். மோட்டர் பாவம், இழுக்க முடியாமல் உறுமுகிறது. நல்ல தண்ணியால் கழுவுங்கள் (கிணறு உவர் என்றால் அந்தத் தண்ணி வேண்டாம்), சீலையால் துடைத்துக் காயவிட்டு சிலிக்கன் ஸ்பிறே அடியுங்கள். கிறீஸ், பழைய எஞ்சின் ஒயில், தேங்காயெண்ணெய் எல்லாம் நம்மவர்கள் கைக்கு வந்ததைப் பூசுவார்கள், அப்போதைக்கு வழுக்கும், ஆனால் அதில் புழுதி ஒட்டி ஒரு மாதத்தில் முன்னதைவிட மோசமாக இறுகும். டபிள்யூடி ஃபோர்ட்டி கறளை இளக்க நல்லது, அதையே எண்ணெயாக நம்பியிருக்க முடியாது, சீக்கிரம் காய்ந்துவிடும்.

ஸ்பிரிங்தான் பிழை என்றால் கை வைக்காதீர்கள். முறுக்கி வைத்த ஸ்பிரிங் ஒரு நட்டைத் தளர்த்தியதும் கையை முறிக்கும் வேகத்தில் அவிழும். மருமகனுக்கு எல்லா ஸ்பேனரும் இருக்கலாம், இருந்தாலும் ரோலர் கதவு வேலை தெரிந்தவரையே கூப்பிடுங்கள். இன்னொன்று, நிற்கிற மோட்டரைத் திரும்பத் திரும்ப அமத்தாதீர்கள். சூடேறினால் தானே நின்றுவிடும், அரைமணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடும்.

கேள்வி: கோண்டாவிலில் இருந்து எழுதுகிறேன். பின்னேரம் கதவை மூட முடியவில்லை, கொஞ்சம் இறங்கித் திரும்ப ஏறிவிடுகிறது. இரவில் ஒரு பிரச்சினையும் இல்லை. பேய் வேலை என்கிறார் அம்மா.

பதில்: கராஜ் மேற்குப் பார்த்ததுதானே தம்பி? கதவுக்குக் கீழே, தரையில் இருந்து அரையடி உயரத்தில், இரண்டு பக்கமும் சின்னக் கண் மாதிரி சென்சர் இருக்கும். ஒன்று கதிரை அனுப்பும், மற்றது வாங்கும். நடுவில் பிள்ளையோ நாயோ நின்றால் கதவு திரும்ப ஏறுவது அதனால்தான். சாய்ந்த வெயில் வாங்குகிற கண்ணில் நேரே விழுந்தால் அதற்குக் கதிர் தெரியாது, ஏதோ குறுக்கே நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளும். ஒரு துண்டு பீவீசி குழாயை வெட்டி அந்தக் கண்ணுக்கு மறைப்பாக வையுங்கள், கதிர் வரும் பாதையை மறைக்காமல். பகலிரவு பாராமல் இப்படி நடந்தால் கண்ணைத் துடையுங்கள், சிலந்தி வலையும் குளவிக் கூடும் போதும் அதைக் குருடாக்க. கதவு மூடவில்லை என்று வயரைக் கழற்றிச் சென்சரை இல்லாமலாக்குகிறார்களே, வீட்டில் சின்னப்பிள்ளை இருந்தால் அதைப் போல் மடவேலை இல்லை.

கேள்வி: முன்பு ஒழுங்கை முகப்பிலேயே றிமோட் வேலை செய்யும். இப்போது கதவுக்கு முன்னால் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

பதில்: முதலில் பற்றரி. அநேகமான றிமோட்டுகளில் சின்ன 12 வோல்ற் பற்றரி அல்லது காசு வடிவப் பற்றரி இருக்கும், பழையதைக் கொண்டுபோய்க் காட்டியே வாங்குங்கள். புதுசு போட்டும் அப்படியே என்றால், கராஜில் அண்மையில் எல்ஈடி பல்ப் மாற்றினீர்களா? சில மலிவான பல்ப் றிமோட்டின் அலையைக் குழப்பும். கழற்றிவிட்டு அமத்திப் பாருங்கள், தெரிந்துவிடும்.

கேள்வி: கரண்ட் போனால் காரை எப்படி வெளியே எடுப்பது?

பதில்: மேலே சொன்ன அதே கயிறுதான், கதவு மூடியிருக்கும்போது. காரை எடுத்ததும் கதவை இறக்கி உள்ளே தாழ்ப்பாள் போடுங்கள், மோட்டர் விடுபட்டிருந்தால் வெளியில் இருந்து யாரும் தூக்கலாம். கரண்ட் வந்ததும் தாழ்ப்பாளை எடுத்து, மோட்டரைக் கொழுவிய பிறகே பட்டன். தாழ்ப்பாளோடு அமத்தினால் கதவுத் தகடு நெளிந்துவிடும்.