படத்துக்குக் கீழே என்ன எழுதுவது?

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். காரைக்குடியில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். எங்கள் புகைப்படக் குழுவையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஆகஸ்ட் 19 உலகப் புகைப்பட நாளுக்கு ஒரு கண்காட்சி வைக்கலாம் என்று பிள்ளைகளைக் கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி எல்லாம் அழைத்துப் போனேன். பாதிப் பேரிடம் கேமரா கிடையாது, போன்தான். படங்கள் நன்றாகவே வந்தன. ஒவ்வொருவரும் தங்கள் படத்தின் அர்த்தம் என்ன என்று ஐந்து வரி எழுதித் தரச் சொன்னேன். அங்கேதான் சிக்கல்.

பெரும்பாலானவர்கள் ‘மௌனம் பேசும் சுவர்கள்’, ‘காலத்தின் சாட்சி’ என்றே எழுதியிருக்கிறார்கள். ஒரு பையன், பெரிய வீட்டு வளவில், அதாவது தூண்கள் சூழ்ந்த நடுமுற்றத்தில், ஒரு அம்மா தனியாகக் கூட்டிக்கொண்டிருந்ததை எடுத்து, ‘தனிமை’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டான். ஆத்தங்குடியில் தளக்கல் போடும் இடத்தில் ஒரு மாணவி எடுத்த படத்தில் வேலை செய்பவரின் கை அசைந்து கலங்கலாக இருக்கிறது. “எனக்குப் பிடிச்சிருந்துச்சு, எடுத்தேன் மேடம். அர்த்தமெல்லாம் தெரியல” என்று வெறும் தாளைக் கொடுத்தாள். விளக்கம் தேவைப்படுகிற படம் தோற்ற படம், எழுதச் சொன்னதே தப்பு என்கிறார் உடன் வேலை பார்ப்பவர். அப்படித்தானா? படங்களை இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி, காரைக்குடி

அன்புள்ள ஆசிரியைக்கு,

படங்களைக் கணினியில் பெரிதாக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பிள்ளைகளுக்குக் கண் இருக்கிறது. பள்ளத்தூரில் இரண்டு பெரிய வீட்டு மதில்களுக்கு நடுவே சைக்கிளில் தண்ணீர்க்குடம் போகிறதே, அதை எடுத்தவருக்கு என் பாராட்டைத் தனியாகச் சொல்லுங்கள்.

எழுதச் சொன்னதில் தப்பே இல்லை. கேள்வியை மட்டும் மாற்றிக் கேட்டுப் பாருங்கள். ‘அர்த்தம் என்ன’ என்று கேட்டதுமே, பெரிதாக ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். மௌனம், காலம், சாட்சி எல்லாம் நாக்கு நுனியில் தயாராக நிற்கும் சொற்கள். ‘காலத்தின் சாட்சி’யை தஞ்சாவூர் அரண்மனைப் படத்துக்குக் கீழேயும் போடலாம், ராஜஸ்தான் கோட்டைக்குக் கீழேயும் போடலாம். எங்கு போட்டாலும் பொருந்துகிற வரியால் இந்தப் படத்துக்கு என்ன பயன்? அதனால் அர்த்தத்தைக் கொஞ்ச நாள் ஒதுக்கிவைத்துவிட்டு, தெரிந்ததைக் கேளுங்கள். படத்தில் இருப்பவர் யார்? என்ன செய்துகொண்டிருந்தார்? அவரிடம் பேசினாயா? ஏன் இந்த இடத்தில் நின்று எடுத்தாய்? பிரேமுக்கு வெளியே, இடது பக்கம் என்ன இருந்தது? பதில் தெரியாவிட்டால் பஸ் ஏறிப் போய்க் கேட்டுவிட்டு வரட்டும். காரைக்குடிக்கும் கானாடுகாத்தானுக்கும் என்ன அவ்வளவு தூரமா?

‘தனிமை’ படத்தையே எடுத்துக்கொள்வோம். நல்ல படம். தூண்களின் நிழல் தரையில் வரிசையாக விழுந்திருக்கிறது, அந்த அம்மா ஒரு நிழலுக்குள் குனிந்திருக்கிறார். படத்தின் வலது ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சுருட்டிக் கட்டிய ஜமுக்காளங்கள், கவிழ்த்து வைத்த பெரிய அண்டாக்கள், அவற்றின் மேல் அப்போதுதான் துலக்கிய புளியின் ஈரம். பையன் இதைக் கவனித்தானா என்று தெரியவில்லை. உங்கள் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைப் பார்த்ததும் புரிந்துவிடும். அந்த வீட்டில் விசேஷம் வரப்போகிறது. கல்யாணமாக இருக்கலாம், அறுபதாம் கல்யாணமாக இருக்கலாம், முன்னோருக்குச் செய்யும் படைப்பாகவும் இருக்கலாம். அந்த வீடு ஒருவருக்குச் சொந்தமானதாக இருக்க வாய்ப்பில்லை. வளவைச் சுற்றி ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் அறை, அதற்கொரு பூட்டு. பங்காளிகள் சென்னையிலும் கோவையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். அவர்கள் வந்து இறங்குவதற்கு முன்னால் வீட்டைக் கூட்டித் தயார் செய்யத்தான் அந்த அம்மா வந்திருக்கிறார். சில நாளில் அங்கே பந்தி நடக்கும். வெயிலில் ஒரு பகல் வேளை உள்ளே போய் எட்டிப் பார்த்த பையனுக்கு வீடு காலியாகத் தெரிந்திருக்கிறது. அதில் அவன்மேல் குற்றமில்லை. ஆனால் அந்த அம்மாவின் பெயரை அவன் கேட்டிருக்கலாம். “என்ன ஆத்தா, வீட்டுல என்ன விசேஷம்?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அவர் சொன்னதை அப்படியே கீழே எழுதியிருந்தால் படத்தில் அண்டாக்கள் எல்லோர் கண்ணிலும் பட்டிருக்கும்.

அவருக்கு உண்மையிலேயே தனிமை இருக்கலாம். அதையும் கேட்டுத்தானே தெரிந்துகொள்ள முடியும்?

இன்னொரு மாணவர் ஒரு தேக்குத் தூணை மட்டும் எடுத்து ‘பாரம்பரியம்’ என்று எழுதியிருக்கிறார். அவரிடம் அந்தத் தேக்கு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பர்மா என்பார். சரி, பர்மாவில் நம்மவர்கள், அந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் செட்டியார்கள், என்ன செய்தார்கள்? ரங்கூனில் கிட்டங்கி என்ற கடைகளில் பணப்பெட்டியடியில் உட்கார்ந்து வட்டிக்குக் கொடுத்தார்கள். கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில், சாகுபடி நிலத்தில் செட்டியார்கள் கைவசம் இருந்தது 1930இல் 6 சதவீதம். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடனைக் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் கைமாறி, 1938இல் அது 25 சதவீதமாக ஆனது. 1942இல் ஜப்பான் படை வந்ததும், அத்தனையையும் விட்டுவிட்டு நடந்தே ஊர் திரும்பியவர்கள் உண்டு. உங்கள் மாணவர்களில் யாராவது ஒருவர் வீட்டிலாவது அந்த நடைப் பயணக் கதை இன்னும் இருக்கும். வழவழவென்று நிற்கும் ஒரு தூணுக்குப் பின்னால் கடன்பட்ட விவசாயி இருக்கிறார், கடன் கொடுத்து எல்லாவற்றையும் இழந்தவரும் இருக்கிறார். இரண்டும் தெரிந்த பிறகு அதே மாணவர் அதே தூணை எடுக்கட்டும். கேமராவை வேறு இடத்தில் வைப்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் ஒன்று இருக்கிறது. 1936இல் கலிபோர்னியாவில் பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில் டோரத்தியா லாங்கே என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் ஒரு தாயையும் குழந்தைகளையும் எடுத்தார். தாய் கையைக் கன்னத்தில் வைத்து எங்கோ பார்க்கிறார், குழந்தைகள் அவர் தோளில் முகம் புதைத்திருக்கின்றன. அமெரிக்கப் பஞ்சகாலத்தின் முகமாகவே அந்தப் படம் ஆகிவிட்டது. லாங்கே அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கவில்லை. காரின் டயர்களை விற்றுச் சாப்பிடுகிறார்கள் என்று குறிப்பு எழுதினார். 40 ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1978இல்தான் அந்தப் பெண் ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது வெளியுலகத்துக்குத் தெரிந்தது. டயரை நாங்கள் விற்கவே இல்லை என்றது குடும்பம். அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. படம் மகத்தானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர் பெயரைக் கேட்க ஒரு நிமிடம் ஆகியிருக்குமா?

உங்களுடன் வேலை பார்ப்பவர் சொல்வதற்கும் பதில் சொல்ல வேண்டும். படம் தானாகப் பேச வேண்டும் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. சில படங்கள் பேசவும் செய்யும். ஆனால் அவரை ஒருநாள் உங்கள் ஊர் முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு, அந்தப் பழைய சாமான் கடைகளுக்கு அழைத்துப் போங்கள். பெரிய வீடுகளில் வளவைச் சுற்றி உயரத்தில், முன்பக்கம் சற்றுச் சாய்த்து மாட்டியிருக்குமே, அந்தப் படங்கள் அங்கே சுவரோரம் அடுக்கிக் கிடக்கும். கோட்டு போட்டு நெற்றி நிறைய விபூதியோடு ஒருவர், ஸ்டுடியோ மேசையில் கை வைத்துக்கொண்டு. கறுப்பு வெள்ளைப் படத்தின்மேல் கையால் வண்ணம் தீட்டி, அங்கவஸ்திரத்தின் ஜரிகைக்கு மஞ்சள், ஆச்சியின் வைரத் தோட்டுக்கு வெள்ளைப் புள்ளி வைத்திருப்பார்கள். எவ்வளவு பொறுமையான வேலை! வீட்டில் இருந்தவரை, “இது பெரிய ஐயா, அது ரங்கூன் போனவுக” என்று கைகாட்டிச் சொல்ல ஒருவர் இருந்தார். எழுதிவைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சொல்பவர் போனதும் பெயரும் போய்விட்டது. இன்று அந்தப் படத்தை வாங்குகிறவர் அதன் மரச் சட்டத்துக்காக வாங்குகிறார். நான் ஒருமுறை அங்கே ஒரு படத்தைத் திருப்பிப் பார்த்தபோது, பின்பக்கம் பென்சிலால் ‘மூத்தவள் கல்யாணத்துக்கு முந்தின வாரம்’ என்று எழுதியிருந்தது. பெயர் இல்லை, ஊர் இல்லை. ஆனாலும் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுப் படத்தைத் திருப்பினால், அதில் இருக்கிற மனிதரின் முகம் மாறிவிடுகிறது. கல்யாண வேலைக்கு நடுவே ஸ்டுடியோவுக்கு வந்து உட்கார்ந்த தகப்பனாக அவர் தெரிகிறார்.

உங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் கோட்டையூர் இருக்கிறது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் புகைப்படக் கலை படித்த ஏ.கே. செட்டியாரின் ஊர். காந்தியைப் பற்றி நாடு நாடாக அலைந்து படச்சுருள்களைச் சேகரித்து, 1940இல் ஆவணப்படம் கொண்டுவந்தவர். எந்த ஊர், எந்த ஆண்டு என்று தெரியாத ஒரு துண்டுச் சுருள் வந்து சேர்ந்தால் அதை எங்கே ஒட்டுவது? அதே கோட்டையூரில் ரோஜா முத்தையா நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும்கூட விடாமல் சேர்த்தார். இன்று சென்னையில் அவர் பெயரில் இருக்கும் நூலகத்துக்கு ஆராய்ச்சியாளர்கள் தேடிப் போகிறார்கள் என்றால், அந்தத் தாள்களில் பெயரும் தேதியும் அச்சாகி இருப்பதும் ஒரு காரணம். இந்த இரண்டு பேரையும் பற்றி உங்கள் குழுவில் ஒரு வகுப்பு எடுத்தால் நன்றாக இருக்கும்.

நம் காலத்தவர் ஒருவரையும் சொல்கிறேன். மதுரை எம். பழனிக்குமார். தூய்மைப் பணியாளர்களின் வாழ்க்கையைத் தொடர்ந்து எடுத்துவருகிறவர், பிள்ளைகளுக்கும் கேமரா கற்றுத்தருகிறார். மீன் விற்கும் தன் அம்மாவை அவர் எடுத்த படங்களைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த உழைப்பைப் பார்த்தே வளர்ந்த மகன் எங்கே நின்று எடுத்திருக்கிறார் என்பதைப் பார்த்தாலே உங்கள் பிள்ளைகளுக்கு நிறையப் புரியும். உங்கள் மாணவர்களும் முதலில் தங்கள் தெருவை எடுக்கட்டுமே. பெரிய வீட்டு வாசலில் படம் எடுக்காதவர் யாரும் இல்லை. அந்த வீட்டுக்குப் பின்கட்டு வழியாக வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகள் உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம். அவர்கள் எடுக்கும் அரண்மனை வேறு மாதிரி இருக்கும், அதைப் பார்க்க எனக்கு ஆசை.

கடைசியாக ஆத்தங்குடி மாணவி. இந்தத் தொகுப்பில் எனக்கு அதிகம் பிடித்தது அவருடைய படம்தான். தரையில் பளபளக்கும் பூக்களை எல்லோரும் எடுத்துவிட்டார்கள். இவர் அந்தக் கல் உருவாகும் இடத்துக்குப் போயிருக்கிறார். கண்ணாடிப் பலகையின்மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் சிறு கரண்டியால் வண்ணக் குழம்பை ஊற்றியாகிவிட்டது. அச்சைத் தூக்குகிற அந்தக் கணம்தான் படம். கை கலங்கியிருக்கிறது, ஆனால் பச்சையும் சிவப்பும் ஒன்றோடொன்று கலக்காமல் கோடு பிடித்தாற்போல நிற்கின்றன. கட்டைவிரல் நகத்துக்குள் பச்சைச் சாயம். இதற்குமேல் மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, காயவைத்துப் பிரிக்கும்போதுதான் கல்லின் முகம் தெரியும். கண்ணாடியோடு ஒட்டியிருந்த பக்கம்தான் மேல்பக்கம், பாலிஷ் போடாமலே அந்தப் பளபளப்பு அதனால்தான் வருகிறது. வேலை செய்கிறவர் முழுநேரமும் பூவின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் நீங்கள் சொல்லிவிடாதீர்கள். மறுபடி போய் அந்தக் கைக்காரரோடு அரைநாள் உட்காரச் சொல்லுங்கள். ஏன் பிடித்தது என்று அவரே கண்டுபிடிக்கட்டும். தெரியாததைத் தெரியவில்லை என்று வெறும் தாளாகக் கொடுத்தார் இல்லையா, அந்த நேர்மைக்காகவே அவர் எழுதப்போகும் வரிகளை நான் நம்புகிறேன்.

கண்காட்சிக்கு ஒரு யோசனை. படத்துக்குக் கீழே சின்ன அட்டை வையுங்கள். படத்தில் இருப்பவர் சம்மதித்தால் அவர் பெயர், ஊர், தேதி, அப்புறம் எடுத்தவர் தெரிந்துகொண்ட ஒரு விஷயம். அது ஒரு வரியாக இருந்தாலும் போதும், தலைப்பு வேண்டாம். இன்னொன்று, படத்தில் வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி போட்டு, எடுத்த பிள்ளையே நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். செலவு பெரிதாக ஆகாது. வளவு கூட்டிய அம்மாவுக்கும் தளக்கல் போடுகிறவருக்கும் முதலில் கொடுக்கச் சொல்லுங்கள். திறப்பு விழாவுக்கு அவர்களையும் கூப்பிடுங்கள்.

ஆத்தங்குடி மாணவி அன்று அடுத்தடுத்து எடுத்த மற்றப் படங்களும் இருக்குமே, அழிக்க வேண்டாம் என்று சொல்லி, எனக்கு அனுப்பிவையுங்கள்.