ஏறிய சந்தையும் ஒரு பக்கப் பல்லும்

அன்புள்ள ஐயா,

ஓய்வு பெற்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அப்போது கையில் இருந்த சேமிப்பில் சரிபாதியைப் பங்குச்சந்தை ஃபண்டுகளிலும் மீதியை டெபாசிட்டிலும் போட்டேன். பங்குப் பாதி இன்று இரண்டு மடங்காகிவிட்டது. காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது போனைத்தான். சில நாட்களில் ஒரே நாளில் ஏறும் தொகை நான் கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தைத் தாண்டுகிறது. சந்தோஷம்தான், ஆனால் கூச்சமாகவும் இருக்கிறது. ஒரு சதவீதம் இறங்கினால் அன்று முழுக்க நான் யாரோடும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்கிறார் மனைவி.

கூட நடக்க வரும் நண்பர்களில் ஒருவர், எல்லாவற்றையும் விற்றுவிட்டு வெளியே வா என்கிறார். இன்னொருவர், டெபாசிட்டில் ஏன் பணத்தைத் தூங்க வைக்கிறாய், அதையும் இதிலேயே போடு என்கிறார். இதற்கிடையில் எட்டு மாதமாக நான் ஒரு பக்கமாகத்தான் மெல்கிறேன். பல்லைச் சரிசெய்ய ஆகும் பணத்தை விட்டுவைத்தால் இன்னும் வளருமே என்று தள்ளிப்போடுகிறேன். இது கஞ்சத்தனமா, பயமா, பேராசையா? எனக்கே பிடிபடவில்லை.

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

நான் முதலீட்டு ஆலோசகன் இல்லை. உங்களைப் போலவே சம்பளம் நின்ற பிறகு சேமிப்பில் காலம் தள்ளுகிறவன். கொஞ்சம் படித்ததும் நிறையத் தவறு செய்ததும்தான் என் தகுதி. அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நீங்கள் சொன்ன மூன்றும் இல்லை என்று நினைக்கிறேன். இது பழக்கம். முப்பது முப்பத்தைந்து வருடம் "எடுக்காதே, வளரட்டும்" என்று உங்களுக்கு நீங்களே சொல்லி வந்திருப்பீர்கள். அப்போது அது சரியாகவும் இருந்தது. மாதா மாதம் ஃபண்டு வாங்கிக்கொண்டிருப்பவனுக்குச் சந்தை இறங்கினால் லாபம், அதே பணத்துக்குக் கூடுதல் யூனிட் கிடைக்கும். ஓய்வு பெற்ற அன்று பணம் போகும் திசை மாறிவிட்டது. இப்போது நீங்கள் விற்கிறவர். விற்கிறவருக்கு ஏற்றம்தான் வேண்டும், அந்த ஏற்றத்தில் அவர் கொஞ்சமாவது விற்கவும் வேண்டும். நீங்களோ விற்பவரின் இடத்தில் உட்கார்ந்துகொண்டு இன்னும் வாங்குபவரின் சட்டப்படி வாழ்கிறீர்கள்.

திசை மாறினால் கணக்கும் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். இரண்டு பேரிடம் ஆளுக்கு 100 இருக்கிறது. ஒருவருக்கு முதல் இரண்டு வருடமும் சந்தை 30 சதவீதம் ஏறி, மூன்றாம் வருடம் 40 சதவீதம் விழுகிறது. மற்றவருக்கு முதல் வருடமே அந்த விழுகை, அடுத்த இரண்டு வருடமும் ஏற்றம். இருவரும் பணத்தைத் தொடாமல் இருந்தால் கடைசியில் இருவரிடமும் ஒரே தொகைதான், 101 சொச்சம். ஆனால் வருடக் கடைசியில் 6 எடுத்துச் செலவு செய்கிறார்கள் என்றால் முதலாமவரிடம் 87 மிஞ்சும், இரண்டாமவரிடம் 77தான். சந்தை இருவருக்கும் கொடுத்தது ஒன்றே, வரிசைதான் வேறு. பத்து வருடம், பதினைந்து வருடம் என்று இழுத்தால் இந்த இடைவெளி ஒருவரை வசதியாகவும் மற்றவரைப் பிள்ளைகளிடம் கை நீட்டுபவராகவும் ஆக்கிவிடும்.

வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994இல் இதைத்தான் பழைய தரவுகளை வைத்துச் சோதித்துப் பார்த்தார். ஓய்வு பெறும் வருடம் சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, பிறகு பணவீக்கத்துக்கு ஏற்ப அந்தத் தொகையை உயர்த்திக்கொண்டே போனால், 1926 தொடங்கி எந்த வருடம் ஓய்வு பெற்றவருக்கும் பணம் முப்பது வருடமாவது தாங்கியிருக்கும் என்பது அவர் கண்டது. மிகவும் சிரமப்பட்டிருக்கக்கூடியவர்கள் 1929இன் பெரும் சந்தைச் சரிவுக்குச் சற்று முன் ஓய்வு பெற்றவர்கள் என்றுதான் நாம் நினைப்போம். உண்மையில் 1960களின் பிற்பகுதியில் ஓய்வு பெற்றவர்களுக்குத்தான் நிலைமை மோசம். ஓய்வின் முதல் பத்தாண்டிலேயே 1973-74 சந்தைச் சரிவும் அந்தப் பத்தாண்டின் விலைவாசி உயர்வும் சேர்ந்து வந்தன. இது அமெரிக்கக் கணக்கு, அப்படியே எல்லா நாட்டுக்கும் தூக்கிப் போட முடியாது. ஆனால் நான் அதில் அடிக்கோடிட்ட விஷயம் வேறு. இது மிக மோசமான காலத்தில் ஓய்வு பெற்றவரும் தாக்குப்பிடிக்கும்படி வைத்த அளவு என்பதால், மற்ற பெரும்பாலான வருடங்களில் அதே 4 சதவீதத்தை எடுத்தவர்களிடம் முப்பது வருடம் கழித்தும் முதலுக்கு மேலே மிச்சம் இருந்திருக்கும். அதாவது இன்னும் எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை.

உங்கள் ஆபத்தான முதல் ஆறு வருடம் நல்லபடியாகக் கடந்துவிட்டது. அதைக் கொஞ்சம் அனுபவியுங்கள். கூச்சப்பட இதில் ஒன்றும் இல்லை.

சரி, இப்போது கவலைப்பட வேண்டிய இடம். சரிபாதியாகப் பிரித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்று அது சரிபாதி இல்லை. 50 ஆக இருந்த பங்கு 100 ஆகிவிட்டது. டெபாசிட் வட்டியைச் செலவுக்கு எடுத்துவருகிறீர்கள் என்றால் அந்தப் பக்கம் அதே 50தான். மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு சந்தையில் நிற்கிறது. ஆறு வயது கூடியபின் யாராவது உங்களிடம் வந்து, பங்கின் அளவை இவ்வளவு உயர்த்துங்கள் என்று சொல்லியிருந்தால் கதவைச் சாத்தியிருப்பீர்கள். யாரும் சொல்லவில்லை, சந்தையே சத்தமில்லாமல் செய்துவிட்டது. ஒரு சதவீதம் இறங்கினால் உங்களுக்குப் பேச்சு வராமல் போவதற்கும் இதுவே காரணம். அன்றைய ஒரு சதவீதமும் இன்றைய ஒரு சதவீதமும் ஒரே தொகை இல்லை.

அப்படியானால் முதல் நண்பர் சொல்வதுபோல் எல்லாவற்றையும் விற்றுவிடலாமா? அமெரிக்க மத்திய வங்கித் தலைவராக இருந்த ஆலன் கிரீன்ஸ்பான், 1996 டிசம்பரில், சந்தையில் இருப்பது அறிவுக்கு ஒவ்வாத உற்சாகமோ என்று ஒரு உரையில் கேட்டார். கேட்டது அவர். அதைவிடப் பெரிய எச்சரிக்கை எங்கே கிடைக்கும்? ஆனால் சந்தை அதற்கப்புறம் மூன்று வருடத்துக்கு மேல் ஏறியது. 2000இல் உடைந்து 2002இல் தரை தட்டியபோதுகூட அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களின் பங்கு விலையைக் காட்டும் எஸ் அண்ட் பி 500 குறியீடு, அவர் பேசிய நாளில் இருந்ததைவிடக் கொஞ்சம் மேலேதான் நின்றது. வெளியேறியவர் நியாயமாகத்தான் பயந்தார், இருந்தும் அதற்கு விலை கொடுத்தார். அந்த வரிசையில் நானும் உண்டு. 2020 மார்ச்சில் ஒரே மாதத்தில் அந்தக் குறியீடு மூன்றில் ஒரு பங்கு விழுந்தபோது, என்னிடம் இருந்ததில் பாதியை விற்றேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆகஸ்டில் அது பழைய உச்சத்தைத் தொட்டபோது என்னால் தூங்க முடியவில்லை. விற்பதற்கு ஒரு நாள் போதுமாக இருந்தது, திரும்ப உள்ளே நுழைய ஒன்றரை வருடம் ஆயிற்று.

இரண்டாம் நண்பருக்கு ஜப்பானைச் சொல்லுங்கள். நிக்கேய் குறியீடு 1989 டிசம்பர் கடைசியில் 38,915 தொட்டது. அந்த எண்ணை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில். அறுபது வயதில் ஓய்வு பெற்று அந்த டிசம்பரில் டெபாசிட்டைக் கலைத்துப் பங்கு வாங்கியவர் பழைய எண்ணைப் பார்க்கத் தொண்ணூற்று நான்கு வயது வரை இருந்திருக்க வேண்டும். நிறுவனங்கள் பங்குதாரருக்குப் பிரித்துத் தரும் டிவிடெண்டைச் சேர்த்தால் காத்திருப்பு இத்தனை நீளமில்லை என்று உங்கள் நண்பர் வாதிடுவார், அது உண்மைதான். ஆனாலும் வீட்டுச் செலவு அத்தனை காலம் காத்திருக்காது. இங்கே ஒன்று, எல்லாவற்றையும் டெபாசிட்டிலேயே வைத்திருப்பதும் பாதுகாப்பு இல்லை. விலைவாசி அதை மெதுவாக அரித்துவிடும், அந்த அரிப்பு போனில் சிவப்பாகத் தெரியாது, அவ்வளவுதான்.

போனைப் பற்றியும் கேளுங்கள். நஷ்டத்தின் வலி அதே அளவு லாபம் தரும் மகிழ்ச்சியைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று உளவியல் ஆய்வாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் கணித்தார்கள். அமெரிக்கச் சந்தையின் நீண்ட வரலாற்றில் ஏறிய நாட்கள் பாதிக்குச் சற்று மேல், ஏறிய வருடங்களோ நாலில் மூன்றுக்குப் பக்கம். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். தினமும் பார்ப்பவருக்கு, நன்றாக ஏறிவரும் சந்தையிலும் மனக்கணக்கு நஷ்டத்தில்தான் முடியும். போதாக்குறைக்கு, பார்த்த ஒவ்வொரு உச்சத்தையும் மனம் "என்னுடையது" என்று எழுதிவைத்துக்கொள்கிறது. அடுத்த நாள் அதிலிருந்து குறைந்தால் யாரோ திருடிக்கொண்டு போனதுபோல் இருக்கிறது, ஆறு வருடத்துக்கு முன் அந்தத் தொகையைக் கனவில்கூடப் பார்த்ததில்லை என்பது மறந்துபோகிறது.

நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். மூன்று வருட வீட்டுச் செலவை, மருத்துவம் உட்பட, சந்தைக்கு வெளியே தனியாக வைத்திருக்கிறேன். வருடத்தில் ஒரு நாள், என் பிறந்தநாளுக்கு மறுநாள், கணக்கைத் திறக்கிறேன். பங்கு நான் முடிவு செய்த அளவைத் தாண்டியிருந்தால் தாண்டியதை மட்டும் விற்று அந்தத் தனிப் பணத்தை நிரப்புகிறேன். இறங்கிய வருடமாக இருந்தால் பங்கைத் தொடுவதில்லை, தனிப் பணத்திலிருந்து சாப்பிடுகிறேன். விற்கும்போது வரி உண்டு, அதை மொத்தமாகக் கட்டாமல் இரண்டு மூன்று வருடமாகப் பிரித்து விற்பது உங்களுக்குச் சாதகமா என்று கணக்குத் தெரிந்த ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இதில் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. உச்சத்தில் விற்ற பெருமையும் கிடைக்காது. நடக்கப் போகும் இடத்தில் பேச எதுவும் இருக்காது என்பது ஒரு குறைதான்.

உங்கள் விஷயத்தில், திரும்பச் சரிபாதிக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் பங்கில் கால்வாசியை விற்க வேண்டியிருக்கும். முதல் தவணையை இந்த மாதமே விற்றுவிடுங்கள். அந்தப் பணம் கணக்குக்கு வரச் சில நாட்கள் ஆகும். அதற்காகக் காத்திருக்காமல் பல் மருத்துவரிடம் நேரம் வாங்கிவிடுங்கள். எவ்வளவு ஆயிற்று என்று எனக்கு எழுத வேண்டாம், இரண்டு பக்கமும் மெல்ல முடிகிறதா என்று மட்டும் எழுதுங்கள்.