ஜெட் ஸ்கீ, ஸ்பீட் போட்: தடையா, விதியா?

கேள்வி: கரையோரக் கடலில் ஜெட் ஸ்கீ என்கிற தண்ணீர் பைக்கும் ஸ்பீட் போட்டும் ஓட்டுவதை ஒரேயடியாகத் தடை செய்துவிடலாமே? விதிமுறை என்று போட்டால் யார் மதிக்கப்போகிறார்கள்?

முழுத் தடை வேண்டாம் என்பது என் கட்சி. ஆனால் வேக வரம்பு ஒன்றைப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. ஏன் என்று சொல்ல, நான் முதல்முறை ஜெட் ஸ்கீ ஓட்டிய கதையில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

வாடகை வண்டி. கொடுத்தவர் நடத்திய பாடம் மொத்தமே, "இதை அமுக்கினால் போகும், விட்டால் நின்றுவிடும்." ஒரு கையெழுத்து, ஒரு லைஃப் ஜாக்கெட், கிளம்பு. பத்து நிமிடம் ஜாலியாகச் சுற்றிவிட்டுத் திரும்பும்போது நேர் எதிரே ஒரு மிதவை. பைக் ஓட்டிப் பழகிய கை என்ன செய்யும்? ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு ஹேண்டில்பாரை ஒடித்துத் திருப்பினேன். ஹேண்டில்பார் முழுக்க இடதுபக்கம் திரும்பி நிற்கிறது, வண்டி மட்டும் எனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாததுபோல் நேராகப் போகிறது. மிதவையில் மோதி, அதை உரசிக்கொண்டு தாண்டியது. அந்த இடத்தில் இருந்தது மிதவை என்பதால்தான் இதைக் கதையாக எழுத முடிகிறது.

பிறகுதான் காரணம் புரிந்தது. படகைத் திருப்பும் சுக்கான் இந்த வண்டிக்குக் கிடையாது. அடியில் தண்ணீரை உறிஞ்சி, பின்னால் உள்ள ஒரு முனை வழியாகப் பீய்ச்சி அடித்துத்தான் அது ஓடுகிறது. ஹேண்டில்பார் திருப்புவது அந்த முனையை. பீய்ச்சல் நின்றால் திருப்பவும் ஒன்றும் இல்லை. அதாவது, மோதாமல் தப்பிக்க ஆக்சிலேட்டரை விடக் கூடாது, கொடுத்துக்கொண்டே திருப்ப வேண்டும். பயந்த மனிதனின் கை தானாகச் செய்வதற்கு நேர் எதிர். இப்போது வரும் மாடல்களில் பிரேக் மாதிரி ஒரு ஏற்பாடும், ஆக்சிலேட்டரை விட்டாலும் ஓரளவு திருப்ப உதவும் அமைப்பும் உண்டு. வாடகைக்கு வருவது புது மாடலாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அடுத்தது தூரக் கணக்கு. கடலில் வேகத்தை 'நாட்' என்ற அலகில் சொல்வார்கள்; 40 நாட் வேகம் என்றால் மணிக்கு சுமார் 74 கிலோமீட்டர். அந்த வேகத்தில் 300 மீட்டரைக் கடக்க 15 விநாடிகூட ஆகாது. அதே 300 மீட்டரை 5 நாட்டில் கடக்கக் கிட்டத்தட்ட இரண்டு நிமிடம். நீந்துகிறவரின் தலை தண்ணீருக்கு மேலே ஒரு பந்து அளவுக்குத்தான் தெரியும், நடுவில் ஒரு சின்ன அலை வந்தால் அதுவும் மறையும். 15 விநாடியில் அந்தத் தலையைக் கண்டுபிடித்து, அது தலைதான் என்று புரிந்து, விலகியாக வேண்டும்.

பிரான்ஸில் கரையில் இருந்து 300 மீட்டர் வரை 5 நாட் வரம்பு வைத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறது. நியூசிலாந்து விதி எனக்கு இன்னும் பிடிக்கும். கரைக்கு 200 மீட்டருக்குள் வந்தாலும் 5 நாட், தண்ணீரில் இருக்கும் மனிதருக்கோ இன்னொரு படகுக்கோ 50 மீட்டருக்குள் வந்தாலும் 5 நாட். இந்த இரண்டாவது பாதிக்கு மிதவையும் வேண்டாம், பலகையும் வேண்டாம். ஆள் எங்கே இருக்கிறாரோ அங்கே விதியும் கூடவே வருகிறது.

'மெதுவாகச் செல்லவும்' என்று பொத்தாம்பொதுவாக எழுதிவைப்பதும் வீண். ஸ்பீட் போட்டைப் பாதி வேகத்துக்குக் குறைத்தால் அதன் மூக்கு தூக்கிக்கொள்ளும், ஓட்டுகிறவருக்கு முன்னால் தண்ணீரே தெரியாது. பின்னால் கிளம்பும் அலையும் பெரிதாகிவிடும். மெதுவாகத்தான் வந்தேன் என்று அவர் சத்தியம் செய்வார். அதனால் இத்தனை நாட் என்று வேகத்துக்கு ஓர் எண் வேண்டும்.

சரி, சட்டம்? கடலில் மோதலைத் தவிர்க்க 1972-இல் உருவான சர்வதேச விதிகள் இருக்கின்றன. நீரில் போக்குவரத்துக்குப் பயன்படுகிற, பயன்படக்கூடிய எந்த வாகனமும் அவற்றில் அடங்கும். எதிரெதிரே வந்தால் இருவரும் வலதுபக்கம் விலக வேண்டும், குறுக்கே வந்தால் தன் வலப்பக்கம் இன்னொருவரைக் காண்பவர் வழிவிட வேண்டும், எப்போதும் சுற்றிலும் கவனித்துக்கொண்டே போக வேண்டும். நல்ல விதிகள்தான். அரைமணி நேர வாடகைக்காரருக்கு இதில் ஒன்றுகூடத் தெரியாது என்பதுதான் சிக்கல்.

தண்டிக்கும் சட்டத்திலோ ஓட்டை. பிரிட்டனில் ஜெட் ஸ்கீயால் மோதி ஒருவரைப் படுகாயப்படுத்தியவரின் தண்டனையை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005-இல் ரத்து செய்தது. அவரைத் தண்டித்த சட்டம் கப்பல்களுக்கானது, ஓர் இடத்தில் இருந்து இன்னோர் இடத்துக்குப் போகாமல் சும்மா சுற்றிச் சுற்றி வருவது கப்பலோட்டம் ஆகாது என்ற தர்க்கம். படித்தபோது சிரிப்பு வந்தது, அப்புறம் யோசித்தால் நீதிபதிகள் மேல் தப்பில்லை, சட்டத்தில் எழுதியிருந்தது அப்படி. அதை அடைக்கத் தனி ஆணை வந்தது 2023-இல். ஆபத்தாக ஓட்டினால் இப்போது இரண்டு ஆண்டு வரை சிறை, உச்சவரம்பில்லாத அபராதம். நடுவில் 18 வருடம் ஓடிவிட்டது. தனி விதி வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

தடையைப் பற்றி: குறிப்பிட்ட இடங்களில் தடை சரியே. அமெரிக்காவின் சான் வான் தீவுகளில் 1996-இல் ஜெட் ஸ்கீக்குத் தடை போட்டார்கள், வழக்குப் போய் 1998-இல் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. சிட்னி துறைமுகத்திலும் ஓட்ட முடியாது. நெரிசலான நீர்ப்பரப்பு, கடல் விலங்குகள் வாழும் இடம் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

மற்ற இடங்களில் நான் கேட்பது பயிற்சியும் கயிறும். கயிறு என்பது, ஓட்டுகிறவர் மணிக்கட்டிலோ காலிலோ மாட்டிக்கொள்ளும் சுருள் கயிறு. ஆள் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொள்ளும், எஞ்சின் அணைந்துவிடும். 2013-இல் இங்கிலாந்தின் பாட்ஸ்டோ அருகே ஒரு ஸ்பீட் போட்டில் இருந்து குடும்பம் மொத்தமும் தண்ணீரில் தூக்கி வீசப்பட்டது. கயிறு மாட்டியிருக்கவில்லை. ஆளில்லாத படகு வட்டமடித்து அவர்கள் மேலேயே திரும்பி வந்தது, இருவர் இறந்தார்கள். எனக்கு வண்டி கொடுத்தவர் அந்தக் கயிற்றை வண்டியிலேயே தொங்கவிட்டிருந்தார். அது எதற்கு என்று நானும் கேட்கவில்லை.

யார் மதிப்பார்கள் என்று கேட்டீர்கள். கரையில் நிற்பவர் படிக்கிற அளவுக்குப் பெரிய பதிவெண்ணை வண்டியின் இரு பக்கமும் எழுதச் சொல்லுங்கள், மீதியை எல்லார் கையிலும் இருக்கும் கேமரா பார்த்துக்கொள்ளும். கூடவே, பயிற்சி தராமல் வண்டி கொடுத்தவரும் அபராதத்தில் ஒரு பங்கைக் கட்ட வேண்டும். என்னிடம் அன்று பாடம் நடத்தியவர், தன் பணமும் போகும் என்று தெரிந்திருந்தால், ஒரு ஐந்து நிமிடமாவது கூடுதலாகப் பேசியிருப்பார்.