பூனை இனம் அறிதல்: கேள்வி பதில்

கேள்வி: தெருவில் கிடைத்த குட்டி அண்ணா. புசுபுசுவென்று நீள முடி. பெர்ஷியன் கலப்பா?

பதில்: முடியை மறந்துவிட்டு எலும்பைப் பாருங்கள். நீள முடி ஒடுங்கு பண்பு. குட்டை முடியுள்ள தாயும் தகப்பனும் அந்த மரபணுவை ஆளுக்கொரு நகல் மறைவாக வைத்திருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இதற்குப் பெர்ஷியன் பாட்டி தேவையில்லை. ஈரத்துணியால் முடியைப் படியவைத்துப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். பெர்ஷியன் என்றால் குட்டை மூக்கு, நெற்றியும் மூக்கும் சேருமிடத்தில் பள்ளம், நுனி வட்டமான சின்னக் காதுகள், அவற்றுக்கு நடுவே நல்ல இடைவெளி, கட்டையான கனத்த கால்கள். மூக்கு நீண்டு கால் ஒல்லியாக இருந்தால் அது நீளமுடி நாட்டுப் பூனை. 'டால் ஃபேஸ்' (மூக்கு தட்டையாக இல்லாத பெர்ஷியன்) என்று யாராவது சொன்னால் வம்சப் பதிவுக் காகிதம் கேளுங்கள். நிஜப் பெர்ஷியனாகவே இருந்தால் சிறுநீரகத்தில் நீர்க்கட்டி வரும் பரம்பரை நோய்க்குச் சோதனை அவசியம். மரபணுச் சோதனையை எந்த வயதிலும் செய்யலாம். ஸ்கேன் என்றால் 10 மாதம் தாண்டட்டும்.

கேள்வி: சாம்பல் நிறம். ரஷ்யன் ப்ளூ தானே?

பதில்: நிறம் இனமல்ல. கறுப்பு நீர்த்தால் சாம்பல், அவ்வளவுதான். ரஷ்யன் ப்ளூவுக்கு அடர்ந்த இரட்டை முடி, முடி நுனியில் வெள்ளிப் பளபளப்பு, வளர்ந்தபின் பச்சைக் கண். குட்டியின் நீலக் கண்ணை வைத்து எதுவும் சொல்லாதீர்கள், அது மாறும்.

கேள்வி: நெற்றியில் 'எம்' எழுத்து மாதிரி கோடு. மெயின் கூனா?

பதில்: வரிப்பூனை எல்லாவற்றுக்கும் அது உண்டு.

கேள்வி: முகம், காது, கால், வால் கறுப்பு, உடம்பு வெளிர், கண் நீலம். இதுவாவது சயாமீஸ்?

பதில்: நல்ல கேள்வி. நிறமி உண்டாக்கும் டைரோசினேஸ் நொதி இவற்றில் சூட்டில் வேலை செய்யாது. கருப்பை சூடு, அதனால் குட்டி வெள்ளையாகப் பிறக்கும். பிறகு குளிர்ந்த ஓரங்கள் மட்டும் கறுக்கும். ஊசி போட முதுகில் மழித்த இடத்தில்கூட முடி கறுத்து முளைக்கலாம். நீலக் கண்ணும் அதே மரபணு கொண்டுவருவது, தனிச் சாட்சியல்ல. இதுவும் ஒடுங்கு பண்புதான். தெருப் பூனைகளிலும் வரும். பர்மன், ராக்டால் இனங்களுக்கும் இதே நிறம்.

கேள்வி: சார், எங்கள் பூனைக்கு டிஎன்ஏ சோதனையில் 30 சதவீதம் மெயின் கூன் என்று வந்தது. காகிதத்தைவிட ரத்தம் பெரிதில்லையா?

பதில்: அந்தச் சோதனை உங்கள் பூனையின் பாட்டனைத் தேடவில்லை. தன்னிடமுள்ள மாதிரிகளில் எதற்கு நெருக்கம் என்று கணக்கிடுகிறது. லண்டன் கிரிஸ்டல் பேலஸில் முதல் பெரிய பூனைக் கண்காட்சி நடந்ததே 1871இல்தான். இன்றைய இனங்களில் பெரும்பாலானவை அதற்குப் பின் வகுக்கப்பட்டவை. மெயின் கூனே வடகிழக்கு அமெரிக்காவின் பண்ணைப் பூனைகளிலிருந்து வந்தது. உங்கள் பூனைக்கும் மெயின் கூனுக்கும் பொது மூதாதை இருந்தாலும் அந்த 30 வரும்.

கேள்வி: (அதே நபர்) 6 கிலோ இருக்கிறதே!

பதில்: கருத்தடை செய்த நாட்டுக் கடுவனும் 6 கிலோ வரும். சதுர முகவாய், நீண்ட உடல், காது நுனியில் குஞ்சம், 3 வயதுக்கு மேலும் வளர்ச்சி, இவை எல்லாம் சேர்ந்து இருக்கிறதா?

கேள்வி: அப்படியானால் சோதனையே தண்டமா?

பதில்: இனப் பக்கத்தைக் கிழித்துவிட்டு நோய்ப் பக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். ரத்த வகையும் இருந்தால் குறித்து வையுங்கள்: பி வகைப் பூனைக்கு ஏ வகை ரத்தம் ஏற்றினால் உயிர் போகலாம். நாய்க் கணக்கைப் பூனைக்குப் போடுவதால்தான் இத்தனை குழப்பம். பெரும்பாலான பூனைகள் எந்த இனத்தின் கலப்பும் அல்ல; அவற்றின் வம்சத்தில் இனப்பூனையே கிடையாது.

கேள்வி: எங்கள் பூனையும் சாம்பல் நிறம்...

பதில்: இரண்டாவது பதில்.

கேள்வி: வாந்தி எடுக்கிறது, என்ன இனத்துக்கு இப்படி வரும்?

பதில்: கால்நடை மருத்துவரிடம் இன்றே போங்கள்.

கேள்வி: காது மடங்கியிருக்கிறது. ஸ்காட்டிஷ் ஃபோல்டா?

பதில்: எப்போது மடங்கியது? ஃபோல்ட் குட்டிக்குக் காது பிறக்கும்போது நேராகத்தான் இருக்கும். 3, 4 வாரத்தில் மடங்கும். பெரியதான பிறகு ஒரு காது மட்டும் சுருங்கினால் அது பெரும்பாலும் ரத்தக்கட்டு ஆறிய தழும்பு. நிஜ ஃபோல்ட் என்றால் சந்தோஷப்படாதீர்கள். காதை மடக்கும் அதே மரபணுதான் குருத்தெலும்பையும் மூட்டுகளையும் கெடுக்கிறது. வால் விறைத்திருக்கிறதா, நொண்டுகிறதா என்று பார்த்து எக்ஸ்ரே எடுங்கள். இனப்பெருக்கம் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: காகிதம் இருக்கிறது அண்ணா! விற்றவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

பதில்: விற்றவர் கையெழுத்து ரசீது. சிஎஃப்ஏ, டிக்கா போன்ற பூனை இனப் பதிவகத்தின் எண், தாய் தகப்பன் பதிவு எண்கள் இருக்கின்றனவா? இருந்தால் அந்த எண்களைப் பதிவகத்துக்கே எழுதிக் கேளுங்கள்.