வாசகர் கேள்வி, ஆசிரியர் பதில்: ஓவியக் கண்காட்சி ஆய்வாகுமா?

கேள்வி: என் மகள் நுண்கலையில் பட்டப்படிப்பு படிக்க விரும்புகிறாள். கலைப் பேராசிரியர்கள் சிலர் கட்டுரைகளோடு தம் கண்காட்சிகளையும் ஆய்வுப் பணியாகக் குறிப்பிடுகிறார்கள். படம் வரைவது எவ்வாறு ஆய்வாகும்?
– வாசகி, பிடோக்

பதில்: வரைவதெல்லாம் ஆய்வாகிவிடாது. ஒரு கேள்வியை முன்வைத்து, படைப்பின் வழியாகவே அதற்கு விடை தேடி, தேடிய பாதையைப் பிறர் எடைபோடும்படி எழுத்திலும் பதிவு செய்தால்தான் அது ஆய்வு எனப்படும். படைப்புவழி முனைவர் பட்டத்திற்குக் கண்காட்சியோடு ஆய்வேட்டையும் கேட்பது இதனால்தான்.

நம் சிங்கப்பூரிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். 1988-இல் எஸ். சந்திரசேகரன், கோ ஈ சூ, சாலே ஜப்பார் ஆகிய மூன்று இளைஞர்கள், ஜெர்மானியப் பண்பாட்டு நிலையமான கோத்தே இன்ஸ்டிடியூட்டில் 'திரிமூர்த்தி' என்ற கண்காட்சியை நடத்தினார்கள். ஆக்கல், காத்தல், அழித்தல் என்ற கருத்தை முன்னிறுத்தி, அவரவர் சமய, பண்பாட்டு மரபிலிருந்து ஓவியமும், பொருள்களை ஓர் இடத்தில் அமைத்துக் காட்டும் நிறுவுகலையும், கலைஞர் தாமே செய்து காட்டும் நிகழ்த்துகலையும் படைத்தார்கள். வெவ்வேறு மரபினர் தம் தனித்தன்மையை இழக்காமல் ஒரே கூடத்தில் நிற்க முடியுமா என்பதே அங்கு எழுந்த கேள்வி என்று நான் கருதுகிறேன். சந்திரசேகரன் பின்னர் லாசால் கலைக் கல்லூரியில் கற்பித்தார்.

படைப்பு மட்டும் இருந்தால் அது காலப்போக்கில் மறக்கப்பட்டுவிடும். பத்தாண்டு கழித்து, 1998-இல், இந்த மூவரின் பணியை மீள்பார்வை செய்யும் கண்காட்சியைச் சிங்கப்பூர்க் கலை அரும்பொருளகத்தில் அமைத்தவர், கலை வரலாற்றாசிரியர் டி.கே. சபாபதி. 1950-களில் சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் சபாபதியின் ஆசிரியரான மைக்கேல் சல்லிவன் கலை வரலாறு கற்பித்தார். 1955-இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகக் கலை அரும்பொருளகத்தையும் அவரே பொறுப்பேற்று நடத்தினார். அவரிடம் பயின்ற சபாபதி, பின்னாளில் தாமும் பல்கலைக்கழகங்களில் கற்பித்துக்கொண்டே, கண்காட்சி ஏடுகளிலும் (படைப்புகளை விளக்கும் நூல்கள்) நாளிதழிலும் இடைவிடாமல் எழுதினார். 1973 முதல் 2015 வரை அவர் எழுதியவற்றின் தேர்ந்த தொகுப்பு 2018-இல் வெளிவந்தது. கலை வரலாற்றுத் துறை சிங்கப்பூரில் விரைவாக எழுந்து நெடுங்காலம் தேய்ந்ததை 2010-இல் ஒரு நூலாகவே எழுதினார். ஒரு தமிழர் இவ்வளவு பெரிய பணியை ஆற்றியிருக்க, நம்மிடையே அதைப் பற்றிய பேச்சே குறைவாக இருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

லாசாலும் நன்யாங் நுண்கலைக் கழகமும் இணைந்த சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகம் 2024-இல் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கிவிட்டது. உங்கள் மகள் எங்கு சேர நினைத்தாலும், அங்குள்ள ஆசிரியர்களின் கண்காட்சிகளை முதலில் நேரில் பார்க்கட்டும். கண்காட்சி ஏட்டையும் படிக்கட்டும். பொது வரவேற்பு நாளில் அவர்களைச் சந்தித்தால், அண்மைக் கண்காட்சி எந்தக் கேள்வியிலிருந்து தொடங்கியது என்று தயங்காமல் கேட்கச் சொல்லுங்கள்.